பள்ளிவாசல் எங்கே இருக்கிறது? – பொதுக் கலைக்களஞ்சியத்தில் எழுதப் பழகுவோம்



சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, பள்ளிக்கூடத்தில் கொடுத்த ‘எங்கள் ஊர்’ என்னும் கட்டுரைக்காகக் கணினியில் ‘பள்ளிவாசல்’ என்று தட்டித் தேடினாள். முதலில் வந்தவை எல்லாம் இஸ்லாமியப் பெருமக்கள் தொழும் பள்ளிவாசல்களைப் பற்றிய செய்திகளே. “தாத்தா, நம்ம ஊரு இதுல இல்லையா?” என்று கேட்டாள். மூணாறுக்கு அருகே, தேவிகுளம் தாலுகாவில், தேயிலைத் தோட்டங்களுக்கும் மின் நிலையத்துக்கும் இடையில் இருக்கும் பள்ளிவாசலில் பிறந்தவன் நான். மனம் கொஞ்சம் சுருங்கித்தான் போயிற்று.

பிறகு பொறுமையாகத் தேடி நம் ஊரைக் கண்டுபிடித்தோம். ஆனால் அவள் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. “இதையெல்லாம் யாரு எழுதுறாங்க தாத்தா? சரியா தப்பான்னு யாரு பாக்குறாங்க?” அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை. நம் சங்கக் குடும்பங்களில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து படித்துப் பழகுவதற்காக ஒரு பாடம் போலவே இதை அமைத்திருக்கிறேன்.

அச்சில் வந்த களஞ்சியங்கள்

உலகச் செய்திகளை அகர வரிசையில் தொகுத்து வைக்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை தொகுத்த ‘அபிதானகோசம்’ 1902இல் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனியொருவராக உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் வெளிவந்தது. நாடு விடுதலை பெற்றபின், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு ‘கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. முதல் தொகுதி 1954இலும் கடைசித் தொகுதி 1968இலும் வந்தன.

இவற்றில் எல்லாம் ஒரு முறை உண்டு. அறிஞர் எழுதுவார், ஆசிரியர் குழு திருத்தும், அச்சகம் அச்சிடும். அச்சில் ஏறிவிட்ட பிழை அடுத்த பதிப்பு வரும்வரை அப்படியே இருக்கும். அடுத்த பதிப்பு வராமலே போவதும் உண்டு.

எல்லாரும் எழுதும் களஞ்சியம்

2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்னும் இருவர் ‘விக்கிப்பீடியா’ என்ற களஞ்சியத்தை ஆங்கிலத்தில் தொடங்கினர். யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். எழுதுவோர்க்குச் சம்பளம் இல்லை. படிப்போர்க்குக் கட்டணம் இல்லை. மலையாள விக்கிப்பீடியா 2002 டிசம்பரிலும், தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரிலும் தொடங்கின. தமிழில் அது வேர்பிடிக்க உழைத்தவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன். இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞரான இவர், வளைகுடா நாட்டில் வேலை பார்த்தபடியே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். சொந்த ஊரைவிட்டு வெளியே வாழ்ந்தவரால்தான் அந்த வேலை நடந்தது என்பதை நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை 2017இல் ஒரு லட்சத்தை எட்டியது. இன்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

“யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் அது குப்பையாகிவிடாதா?” என்று நம்மில் பலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்கு விடை கட்டுரைப் பக்கத்தில் இல்லை, கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது.

கட்டுரைக்குப் பின்னால்

ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ‘உரையாடல்’ என்று ஒரு பகுதியும் ‘வரலாறு’ என்று ஒரு பகுதியும் இருக்கும். வரலாறு என்பது ரயில் நிலையத்துப் பதிவேடு போன்றது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பயனர், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அதில் அப்படியே நிற்கும். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் கட்டுரையைச் சிதைத்தாலும், பழைய நிலைக்கு ஒரே நொடியில் மீட்டுவிடலாம்.

உரையாடல் பக்கம், எழுதுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசித் தீர்த்துக்கொள்ளும் இடம். தனிக் கட்டுரை சாராத பொது விஷயங்களைப் பேச வேறோர் இடம் உண்டு. அதற்குத் தமிழ்த் தொண்டர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஆலமரத்தடி’. எழுதிப் பழகும் இடத்துக்கு ‘மணல்தொட்டி’ என்று பெயர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தப் பெயரின் அருமை தெரியும்.

ஒரு மாதிரி உரையாடல்

இந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்பதைக் காட்ட, நம் ஊர் மின் நிலையத்தை வைத்து ஓர் உரையாடலை நானே அமைத்திருக்கிறேன். கருத்து வேற்றுமைகள் எங்கே எழும், எப்படி முடியும் என்பதை இதில் காணலாம்.

முதலாமவர்: பள்ளிவாசல் மின் நிலையம் கேரளத்தின் முதல் மின் நிலையம் என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டாமவர்: கேரள மாநிலம் அமைந்தது 1956 நவம்பர் 1 அன்று. பள்ளிவாசல் இயங்கத் தொடங்கியது 1940இல். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம் அல்லவா? மேலும், திருவனந்தபுரம் நகருக்கு 1929இலேயே மின்சாரம் வந்துவிட்டது.

முதலாமவர்: அது அனல் மின்சாரம். நான் சொல்வது நீர்மின்சாரம்.

மூன்றாமவர்: நீர்மின்சாரம் என்றாலும், அதற்கு முன்பே தேயிலைக் கம்பெனி இந்த மலையில் தன் தேவைக்காகச் சிறு நீர்மின் நிலையம் வைத்திருந்ததே?

முதலாமவர்: அப்படியானால், ‘இன்றைய கேரளப் பகுதியில் அரசு அமைத்த முதல் நீர்மின் திட்டம், முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு 1940இல் இயங்கத் தொடங்கியது, நிறுவுதிறன் 37.5 மெகாவாட்’ என்று மாற்றுகிறேன். மின்வாரிய வெளியீட்டை மேற்கோளாகத் தருகிறேன். சரிதானா?

மற்ற இருவர்: சரி.

கவனியுங்கள். யாரும் தோற்கவில்லை. ‘முதல்’ என்ற ஒரு சொல்லைக் கிண்டியதால், நான்கு வரலாற்றுச் செய்திகள் வெளியே வந்தன. ஊர்ப் பெருமை குறையவில்லை. பெருமைக்கு அடித்தளம் உறுதியாயிற்று. நம் சங்க மலர்களில் ‘முதல்’, ‘மிகப் பெரிய’, ‘உலகப் புகழ் பெற்ற’ என்னும் சொற்களை நாம் எவ்வளவு தாராளமாக வழங்குகிறோம் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

வாய்ச்சொல்லும் பிரைவேட் நம்பரும்

இனி என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்கிறேன். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு காலத்தில் ரயில் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேரும். அந்த ரயிலைச் சிறுவயதில் பார்த்தவர் என் பாட்டனார். அவர் சொன்னதை நம்பி, ‘1902 முதல் நீராவி எஞ்சின் ஓடியது’ என்று எழுதினேன். இரண்டு நாளில் ஒரு பயனர் அந்த வரியின் பக்கத்தில் ‘மேற்கோள் தேவை’ என்று குறித்துவிட்டு, உரையாடல் பக்கத்தில், “ஐயா, இதற்கு ஆதாரம் தர இயலுமா?” என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன்; என்னிடமா ஆதாரம் கேட்கிறீர்?” என்று எழுதிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் படிக்கிறவர் தங்களை அறியமாட்டார், நூலைத்தான் அறிவார்” என்று மட்டும் பதில் எழுதினார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருக்கிறதா என்று ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் கேட்பார். “மூடியாச்சு சார்” என்று கேட்மேன் சொன்னால் மட்டும் போதாது. தன் தாளிலிருந்து பிரைவேட் நம்பர் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இருபது வருடம் பழகிய கேட்மேனானாலும் நம்பர் இல்லாமல் வண்டியை விடுவதில்லை. அவன்மேல் நம்பிக்கை இல்லாமலா? இல்லை. ஆளை நம்பி வண்டி ஓட்டக்கூடாது, முறையை நம்பி ஓட்ட வேண்டும் என்பதற்காக. இதை எத்தனையோ இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நானே, எழுத்தில் மறந்துவிட்டேன்.

நூல்களைத் தேடினேன். 1902இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம். அதில் வண்டிகளை இழுத்தவை மாடுகள்! 1908இல்தான் இரண்டடி அகலப் பாதையாக மாற்றி, அதன் பிறகே நீராவி எஞ்சின் வந்தது. என் பாட்டனார் பார்த்தது பிற்காலத்து எஞ்சினை. அவர் பொய் சொல்லவில்லை. ஆண்டைப் பொருத்தியவன் நான். உரையாடல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, வரியையும் திருத்தினேன். அந்தப் பயனரின் ஊர் எது, வயது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இதே ரயில் பற்றி இன்னோர் எச்சரிக்கை. ‘99 வெள்ளத்தில் ரயில் போச்சு’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் இதை 1999 என்று எழுதிவிடக்கூடும். அது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. அந்த ஆடி மாத வெள்ளத்தில்தான் மூணாறு ரயில் பாதை அழிந்து, மறுபடி போடப்படாமலே நின்றுவிட்டது.

பெயர் பற்றிய விவாதங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் அதிகமாக விவாதிக்கப்படுவனவற்றுள் ஒன்று பெயர். நாம் ‘ரயில்’ என்கிறோம். இலக்கணப்படி ‘இரயில்’ என்பார் ஒருவர். ‘தொடர்வண்டி’ என்பார் இன்னொருவர். ‘தொடருந்து’ என்பார் வேறொருவர். இலங்கையில் ‘புகையிரதம்’ என்பது வழக்கம். நாம் ‘மீட்டர்’ என்று எழுதுவதை அவர்கள் ‘மீற்றர்’ என்று எழுதுவார்கள். கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்துவதா, தவிர்ப்பதா என்பது பல ஆண்டுகளாகத் தொடரும் விவாதம். நம் பக்கத்திலும் ‘மூணாறா’, ‘மூணாரா’ என்ற கேள்வி உண்டு. மூன்று ஆறுகள் சேரும் இடம் என்பதை எண்ணினால் முதலாவது நமக்கு இயல்பாகப் படும்.

இதற்கு அங்கே நல்ல வழி வைத்திருக்கிறார்கள். பேசி ஒரு தலைப்பை முடிவு செய்வார்கள். மற்றப் பெயர்களில் தேடுகிறவரை அந்தத் தலைப்புக்கே கொண்டு சேர்க்கும் ‘வழிமாற்று’ அமைப்பார்கள். யார்டில் பாயிண்ட் போட்டு வண்டியைச் சரியான பாதைக்குத் திருப்புவது போலத்தான். ஒரே பெயருக்கு இரண்டு பொருள் இருந்தால், ‘பக்கவழிநெறிப்படுத்தல்’ என்ற பக்கம் வைத்து, ‘தொழுமிடமா, ஊரா?’ என்று வழிகாட்டுவார்கள். என் பேத்தியின் முதல் கேள்விக்கு விடை இதுதான்.

நடுநிலை

நமக்கு மிகக் கடினமான பாடம் இது. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. இதைப் பற்றி நம் வீடுகளில் ஒரு விதமாகப் பேசுவோம். பக்கத்து வீட்டு மலையாள நண்பர் வேறு விதமாகப் பேசுவார். களஞ்சியத்தில் எழுதும்போது, ‘அநியாயமாகப் பறிக்கப்பட்டது’ என்றும் எழுதக்கூடாது. ‘நியாயமாகவே கிடைத்தது’ என்றும் எழுதக்கூடாது. இணைப்பைக் கோரியவர் யார், அவர் சொன்ன காரணம் என்ன, எதிர்த்தவர் சொன்ன காரணம் என்ன, முடிவு என்ன என்று வரிசையாக, ஆதாரத்தோடு எழுத வேண்டும். தீர்ப்பு படிப்பவருடையது.

எண்ணிக்கையா, தரமா?

2009ஆம் ஆண்டு முதல் சில காலம், கூகுள் நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஆங்கிலக் கட்டுரைகள் மொழிபெயர்க்கப்பட்டு இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் சேர்க்கப்பட்டன. எண்ணிக்கை விறுவிறுவென உயர்ந்தது. ஆனால் வாக்கியங்கள் தமிழாக இல்லை. பல தலைப்புகள் தமிழ் வாசகர்க்குத் தேவைப்படுபவையும் அல்ல. தமிழ்த் தொண்டர்கள் வாளாவிருக்கவுமில்லை, கதவைச் சாத்திவிடவுமில்லை. குறைகளைப் பட்டியலிட்டு, நிறுவனத்தாரோடும் மொழிபெயர்ப்பாளரோடும் பேசி, திருத்தச் சொன்னார்கள். 2010இல் போலந்து நாட்டில் நடந்த விக்கிமீடியா மாநாட்டிலும் இது பற்றித் தமிழர் ஒருவர் எடுத்துரைத்தார். சம்பளமில்லாத சிலர், ஒரு பெரிய நிறுவனத்தை உட்கார வைத்துப் பேசினார்கள் என்பது சிறிய செய்தியன்று. இயந்திரமே மொழிபெயர்த்துத் தரும் இக்காலத்தில் இந்தப் பாடம் இன்னும் தேவையாகிறது.

நம்பலாமா?

2005இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ், விக்கிப்பீடியாவிலிருந்தும் பிரிட்டானிக்காவிலிருந்தும் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநரிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக முன்னதில் நான்கு பிழைகள், பின்னதில் மூன்று. பிரிட்டானிக்கா நிறுவனத்தார் அந்த ஆய்வு முறையை ஏற்கவில்லை. அதே 2005இல், ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய அபாண்டமான பொய் ஒன்று விக்கிப்பீடியாவில் நான்கு மாதம் யாரும் கவனிக்காமல் கிடந்ததும் உண்மை. ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது: அங்கே படிப்பதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே கொடுத்திருக்கும் மேற்கோளைப் பாருங்கள். மேற்கோள் இல்லாத வரியைச் சிவப்பு விளக்காக எண்ணுங்கள்.

ஏட்டில் ஏறாத பெயர்கள்

இவ்வளவு சொல்லியும் என் மனத்தில் ஒரு குறை இருக்கிறது. 1924 வெள்ளத்தில் தம் லயத்திலிருந்து போன குடும்பங்களின் பெயர்களை என் பாட்டனார் வரிசையாகச் சொல்வார். ஒவ்வோர் ஆடியிலும் சொல்வார். எந்த நூலிலும் அப்பெயர்களை நான் கண்டதில்லை. நூலில் இல்லாததால் களஞ்சியத்திலும் இடமில்லை. அந்த விதி தவறென்று நான் சொல்லமாட்டேன். என் மாட்டு வண்டி ரயில் கதைக்குப் பிறகு சொல்லவும் முடியாது. தவறு வேறிடத்தில் இருக்கிறது. அவர் சொன்னபோது நான் எழுதி வைக்கவில்லை. இன்று எனக்கு நினைவில் இருப்பவை இரண்டே பெயர்கள்.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் போனார்கள். அன்று செய்தித்தாள்கள் வந்தன, எழுதின. ஆகவே நூறாண்டு கழித்தும் அதை ஆதாரத்தோடு ஒருவர் எழுத முடியும். ஏட்டில் ஏறுவதற்கும் ஏறாததற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

ஆகவே நம் வேலை இரண்டு. ஒன்று, ஆதாரம் உள்ளவற்றைக் களஞ்சியத்தில் சேர்ப்பது. மற்றொன்று, ஆதாரமே இல்லாதவற்றுக்கு ஆதாரத்தை உண்டாக்குவது. வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளை, சொன்னவர் பெயர், நாள், இடம் குறித்து எழுதி, நம் சங்க இதழுக்கு அனுப்புங்கள். ஆசிரியர் குழு சரிபார்த்து அச்சிட்டால், அது பிற்காலத்தில் ஒருவர் எடுத்துக்காட்டத்தக்க சான்றாகலாம். அதைக் களஞ்சியத்தில் ஏற்பதா வேண்டாமா என்பதை அங்குள்ளோர் உரையாடி முடிவு செய்யட்டும். ஏற்காவிட்டாலும் பெயர்கள் நிற்கும்.

தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

1. முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பழகுங்கள். பிறகு, இருக்கும் கட்டுரை ஒன்றில் எழுத்துப்பிழை திருத்துங்கள்.

2. புதிய செய்தி சேர்த்தால் நூல், ஆண்டு, பக்கம் குறிப்பிடுங்கள்.

3. நூலிலிருந்து வரிக்கு வரி பெயர்த்து எழுதாதீர்கள். அது பிறர் உடைமை. படித்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

4. உங்களைப் பற்றியும், உங்கள் குடும்பம், தொழில் பற்றியும் நீங்களே கட்டுரை எழுதாதீர்கள்.

5. உங்கள் வரியை யாரேனும் நீக்கினால், திரும்பத் திரும்பப் போடாதீர்கள். உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள்.

6. எதிர்ப்பவரின் கருத்தைப் பேசுங்கள், எதிர்ப்பவரைப் பேசாதீர்கள்.

7. தவறு உங்களுடையது என்று தெரிந்தால், ஒரே வரியில் ஒப்புக்கொண்டு திருத்திவிடுங்கள். அதனால் யாரும் சிறுத்துப் போவதில்லை.

வீட்டுப் பயிற்சி

அ. உங்கள் ஊரைப் பற்றிய தமிழ்க் கட்டுரையையும் மலையாளக் கட்டுரையையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத மூன்று செய்திகளைக் குறியுங்கள்.

ஆ. அவற்றில் மேற்கோள் இல்லாத ஒரு வரியைக் கண்டுபிடித்து, அதற்குச் சான்று தேடுங்கள்.

இ. வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்கார வைத்து, அவர் சொல்லும் பத்துப் பெயர்களை நாளும் இடமும் குறித்து எழுதுங்கள்.

மூன்றாவது பயிற்சியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மற்ற இரண்டும் அடுத்த ஆண்டும் செய்யலாம்.